ஓர் அறை காலியாக இருக்கட்டும்!

(மருத்துவமனை ஊழியர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

விலைவாசியைப் பற்றிப் பேசுவான், தேர்தலைப் பற்றிப் பேசுவான் என்றெண்ணி வந்திருப்பீர்கள். நானோ மருத்துவமனைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு தாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்த டாக்டர் எந்த இரவு விழித்திருக்க வேண்டும், எவர் எந்தக் காலையில் கத்தியைக் கையிலெடுக்க வேண்டும் என்று எழுதி ஒட்டிய தாள். டியூட்டிப் பட்டியல் என்பார்கள். ஒரு தாளிலே என்னய்யா அரசியல் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்.

என் தமக்கையின் கணவர் கைத்தறி நெசவாளி. குடலிறக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவமனையிலே சேர்த்தோம். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முதல்நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தார். பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது: இன்று இல்லை, வேறு நாள் வாருங்கள். விபத்திலே அடிபட்ட இருவரைக் கொண்டுவந்துவிட்டார்களாம். சரி என்று திரும்பினோம். மறுமுறையும் அதே பட்டினி, அதே மூன்று மணி, அதே பதில். மூன்றாம் முறை பதில் வந்தபோது மணி நான்கு. என் பொறுமை போய்விட்டது. வேப்பமரத்தடியிலே பாய் விரித்துக் காத்திருந்த தமக்கையின் முகத்தைப் பார்த்தேன்; நேரே உள்ளே சென்றேன். கட்சிக்காரன் அல்லவா, குரலுக்கா பஞ்சம்! வெளியே வந்த டாக்டர் அம்மையாரை வழிமறித்துக் கொண்டு, ஏழை என்றால் இளப்பமா என்று கேட்டேன்.

அந்த அம்மையாருக்கு முப்பது வயதிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். உரத்துப் பேசவில்லை. "ஐயா, நேற்றுக் காலை எட்டு மணிக்கு வந்தவள் நான். இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. இந்தக் கையோடு உங்கள் அத்தானுக்குக் கத்தி வைத்தால், அது அவருக்கு நான் செய்யும் நன்மையா?" என்று கேட்டார்.

நேற்றுக் காலை எட்டு. இன்று மாலை நான்கு. முப்பத்திரண்டு மணி நேரம்! என் தமக்கையின் கணவர் பட்டினி கிடந்த நேரத்தைவிட, அவருக்கு ஆபரேஷன் செய்யவேண்டியவர் விழித்திருந்த நேரம் அதிகம். கோபத்தோடு போனவன் தலைகுனிந்து திரும்பினேன். அன்று முதல் இந்தத் தாளைப் பற்றிக் கேட்டும் படித்தும் வருகிறேன்.

இரண்டு கேள்விகள் என்னை விடாமல் துரத்தின. ஆபரேஷன் ஏன் மூன்று முறை தள்ளிப் போயிற்று? அந்த அம்மையார் ஏன் முப்பத்திரண்டு மணி நேரம் நின்றார்? ஆராய்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான்.

அமெரிக்காவிலே மிசௌரி மாநிலம். அங்கே ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் நகரில் செயின்ட் ஜான்ஸ் என்றொரு பெரிய மருத்துவமனை. 32 ஆபரேஷன் அறைகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 அறுவை சிகிச்சைகள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த 32 அறைகளும் எப்போதும் நிரம்பி வழிந்தன. அவசர நோயாளி வந்தால், குறித்து வைத்த ஆபரேஷனைத் தள்ளிவைத்தாக வேண்டும். தள்ளியது இரவுக்குப் போகும். இரவு இரண்டு மணிக்கும் கத்தி எடுக்கும் நிலை. டாக்டரும் நர்சும் எந்த நேரம் வீடு திரும்புவோம் என்று தெரியாமல் உழன்றனர். நம் ஊர்க் கதை போலவே இருக்கிறதல்லவா?

வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்தார்கள். இன்னும் அறைகள் கட்டுங்கள் என்பார், இன்னும் வேகமாக வேலை வாங்குங்கள் என்பார் என்று எதிர்பார்த்தனர். அவரோ, ஓர் அறையை எவருக்கும் ஒதுக்காதீர்கள், எதிர்பாராமல் வரும் நோயாளிக்கென்றே அது காலியாக இருக்கட்டும் என்றார். இருப்பதே போதவில்லை, அதிலும் ஒன்றைப் பிடுங்குவதா, பித்துப் பிடித்ததா இவருக்கு என்று அறுவை நிபுணர்கள் கொதித்தார்கள். நானாக இருந்தாலும் கொதித்திருப்பேன்.

செய்து பார்த்தார்கள். விளைவு? ஆபரேஷன்களின் எண்ணிக்கை குறையவில்லை, 5.1 விழுக்காடு கூடியது! பிற்பகல் மூன்று மணிக்குமேல் நடக்கும் ஆபரேஷன்கள் 45 விழுக்காடு குறைந்தன. ஓர் அறையைக் குறைத்தார்கள், வேலை கூடியது. வேலை கூடியது, இரவு விழிப்பு குறைந்தது. மாயமா? மந்திரமா? இரண்டும் இல்லை, கணக்கு!

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். அவசரம் என்பது எப்போது வரும், யாருக்கு வரும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஊரில் ஒரு வாரத்திலே ஏறத்தாழ எத்தனை வரும் என்பது, ஓராண்டுப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். யாருடைய கால் முறியும் என்று சொல்லமுடியாது. நாள்தோறும் கால் முறிந்து வருபவர் உண்டு என்று சொல்லமுடியும். சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜின் லிட்வாக் என்னும் கணிதம் தேர்ந்த அறிஞர் பல மருத்துவமனைகளின் ஏடுகளை ஆராய்ந்து வியக்கத்தக்க ஒன்றைச் சொன்னார். அவசர நோயாளிகளின் வரவைக் காட்டிலும், நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களின் எண்ணிக்கையே நாளுக்கு நாள் தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்றார். ஏன்? நாள் குறிப்பது இயற்கை அன்று, மனிதர். தலைமை நிபுணருக்கு எந்த நாள் வசதி, எந்த நாள் வெளியூர், எந்தக் கிழமை பழக்கம் என்பதைப் பார்த்துக் குறிக்கிறார்கள். ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி. வெள்ள நாளிலே அவசரமும் சேர்ந்தால் கரை உடைகிறது. பழியோ, பாவம், அவசரத்தின் தலையிலே!

இன்னொரு பொய்யும் அந்தத் தாளிலே ஒளிந்திருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி நான்கு ஆபரேஷன்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி, ஆக இரண்டு மணிக்கு முடியும் என்று எழுதுவார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் இருபது நிமிடம் கூடுதலாகிறது என்று வையுங்கள். ஒன்று முடிந்து அறையைக் கழுவி அடுத்தவரைக் கொண்டுவர அரை மணி. கூட்டிப் பாருங்கள்: மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் முடியும். மூன்று மணி நேரத் துண்டு விழுகிறது. அதை யார் ஈடு கட்டுவது? நான்காவதாக நின்ற நோயாளி பட்டினியால் கட்டுகிறான். டாக்டர் தூக்கத்தால் கட்டுகிறார். இன்று கணிப்பொறி இருக்கிறது. எந்த ஆபரேஷன், எவர் கையில், எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைச் சென்ற ஆண்டின் ஏட்டிலிருந்து கூட்டிக் கழித்து, மூன்றுதான் முடியும், நான்காவதை எழுதாதே என்று முதல்நாளே சொல்லிவிடும். நாள் கடத்தினாலும் பட்டினி போடாமல் கடத்தலாம் அல்லவா?

டியூட்டிப் பட்டியலுக்கு வருவோம். பத்து டாக்டர்கள், முப்பது இரவுகள், இரவுக்கு ஒருவர். இதை எத்தனை விதமாக எழுதலாம் தெரியுமா? ஒன்று போட்டு அதன் பின்னே முப்பது சுழிகள் போடவேண்டும்! அத்தனை விதங்களிலே, இரவு விழித்தவருக்கு மறுநாள் காலை கத்தி இல்லை, ஞாயிறும் பண்டிகையும் எல்லாருக்கும் சமம், கைக்குழந்தைக்காரிக்கு அடுத்தடுத்து இரவு இல்லை என்று பொருந்துவதைத் தேடவேண்டும். கையால் தேட முடியாது. ஆகவே பழைய தாளையே பார்த்து எழுதுகிறார்கள். எழுதுகோல் எவர் கையில் இருக்கிறதோ, அவருக்கு வேண்டியவருக்குப் பொங்கல் இரவு வீட்டிலே. சிபாரிசு இல்லாதவருக்கு வார்டிலே. (மருத்துவமனை மட்டும்தானா என்று சிரிக்கிறீர்கள், போக்குவரத்துத் தோழர்களுக்குத் தெரியும்.) கணிப்பொறிக்கோ மாமன் மச்சான் இல்லை. விதியைச் சொல்லிக் கொடுத்தால் நொடியிலே தேடித் தரும். எவருக்கு எத்தனை இரவு என்று எல்லாரும் பார்க்கும்படி கூட்டியும் காட்டும்.

அப்படியானால் இயந்திரம் வாங்கிவிட்டால் போதுமா? இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும், தோழர்களே! பட்டியல் போடும் கணிப்பொறி எல்லாருக்கும் நண்பன் அன்று. ஏவியவன் சொன்னதைச் செய்யும் ஏவலாள். அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் என்னும் காப்பிக்கடை நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் பட்டியலைக் கணிப்பொறிதான் போட்டது. கூட்டம் வரும் நேரத்துக்கு மட்டும் ஆளைக் கூப்பிடு, நள்ளிரவு கடையைச் சாத்தியவனையே விடியற்காலை திறக்கச் சொல் என்று அது எழுதிற்று. 2014இல் இச்செய்தி நியூயார்க் டைம்ஸ் ஏட்டிலே விரிவாக வெளிவந்த பின்னரே, இரவு சாத்தியவரை விடியலில் அழைக்கும் வழக்கத்தை விடுவதாக நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரம், பெரும் கடைகள் இரண்டு வாரம் முன்பே பட்டியலை அறிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. இயந்திரம் ஒன்றேதான், இலாபத்தைக் கூட்டு என்றால் அது சாட்டை, ஓய்வைப் பங்கிடு என்றால் தராசு.

எனவே, அதற்கு எந்த விதியைச் சொல்லிக் கொடுப்பது என்பதே அரசியல்.

1886இல் சிகாகோவில் எட்டு மணி நேரம் கேட்டுக் குருதி சிந்தினர். 1923இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. ஆலைத் தொழிலாளிக்குக் கட்டிய அந்த வேலி மருத்துவமனை வாயிலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பயிற்சி டாக்டர்களுக்கு 48 மணி, ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் இல்லை என்று 1992இல் மத்திய சுகாதாரத் துறை எழுதித்தான் வைத்தது. ஆனால் 'சாதாரணமாக' என்றொரு சொல்லைச் சேர்த்தது. அந்த ஒரு சொல்லின் வழியே யானைகள் நுழைந்தன! 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த விதியோ எண்ணே சொல்லாமல், 'நியாயமான' நேரம் என்று முடித்துக்கொண்டது. எவருக்கு நியாயம்?

2024 ஆகஸ்ட் 9. கல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனை. 36 மணி நேரப் பணியின் நடுவே, ஓய்வுக்கு அறையின்றிக் கருத்தரங்கக் கூடத்தில் படுத்திருந்த பெண் டாக்டர் கற்பழித்துக் கொல்லப்பட்டார். கொடியவனின் குற்றத்தைப் பற்றி நாடே பேசிற்று, பேசியது முறையே. அந்த 36 மணி நேரத்தைப் பற்றி உச்சநீதிமன்றமும் கேட்டது. அந்த மாதமே ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. 1992இல் 48, 2024இல் 74! முப்பத்திரண்டு ஆண்டு முன்னேற்றம்!

வரம்பு மட்டும் போதுமா? நியூயார்க் மாநிலத்தைப் பாருங்கள். 1984இல் லிபி சியான் என்னும் 18 வயது மாணவி, மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்திலேயே உயிரிழந்தாள். அவளைக் கவனித்தவர்கள் ஓய்வற்ற இளம் பயிற்சி டாக்டர்கள். தந்தை பத்திரிகையாளர், விடவில்லை. 1989இல் வாரத்துக்கு 80 மணி, தொடர்ந்து 24 மணி என்ற வரம்பு அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. 1998இல் அரசு திடீரென்று மருத்துவமனைகளைச் சோதித்தபோது மீறல் எங்கும் மலிந்திருந்தது. அறுவைப் பிரிவுகளிலே மிகுதி. சட்டம் இருந்தது, எண்ணுபவர் இல்லை.

எதை எண்ணுவது என்பதிலும் சூது உண்டு. ஜெர்மனியின் கீல் நகரிலே யேகர் என்னும் டாக்டர், அறுவைப் பிரிவில் பணியாற்றியவர். இரவுப் பணியில் மருத்துவமனைக்குள்ளேயே அவருக்கு ஒரு கட்டில் இருந்தது. அழைப்பு இல்லாதபோது படுக்கலாம். படுத்த நேரம் ஓய்வுதானே, வேலை நேரத்தில் சேராது என்றனர். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2003 செப்டம்பரில் தீர்ப்பு: மருத்துவமனையில் இருக்கக் கட்டாயப்படுத்திய நேரம் முழுவதும் வேலை நேரமே, உறங்கினாலும்! வீட்டிலே பிள்ளையின் பக்கத்தில் படுப்பதும், மணி அடிக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு வார்டில் படுப்பதும் ஒன்றாகுமா? கணிப்பொறிக்கு இந்த வேறுபாடு தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லவேண்டும்.

பிரிட்டனிலே இளம் டாக்டர்கள் 2016இல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் ஏற்காத ஒப்பந்தத்தை அரசு திணித்தது. ஆயினும் அதிலே நமக்குப் பயன்படக்கூடிய ஒரு பகுதி இருக்கிறது. பட்டியலில் எழுதிய நேரத்துக்கு மேல் நின்ற டாக்டர், கணிப்பொறியிலே அன்றே ஒரு முறையீடு பதிவு செய்யலாம். அதைப் பார்க்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் பணிநேரக் காவலர் ஒருவர். முக்கிய வரம்புகள் மீறப்பட்டால் அந்தப் பிரிவுக்கு அபராதம்; அதில் ஒரு பங்கு டாக்டருக்கு, மறு பங்கு டாக்டர்களின் நலனுக்கு. பட்டியல் ஒன்று சொல்ல நடப்பு ஒன்று ஆகும்போது, வேறுபாடு எழுத்திலே நிற்கிறது. முறையிட்டால் மேலாளர் முறைப்பாரே என்ற அச்சம் அங்கேயும் இருக்கிறது. ஆதலால்தான் சங்கம் பின்னே நிற்கவேண்டியிருக்கிறது.

மாற்றார் ஓர் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவர். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. அமெரிக்காவில் 117 அறுவைப் பயிற்சித் திட்டங்களை இரு கூறாக்கி, ஒன்றில் பணிமுறை நீளத்துக்குக் கண்டிப்பான வரம்பும், மற்றதில் தளர்ந்த வரம்பும் வைத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. நோயாளிகளின் சாவிலும் கேட்டிலும் வேறுபாடு தென்படவில்லை. பார்த்தீர்களா, நீண்ட பணியால் கேடில்லை என்பர். முழுவதும் படித்தவர்க்குத் தெரியும்: வாரத்துக்கு 80 மணி என்ற மேல்வரம்பு இரு கூறுக்கும் பொதுவாக இருந்தது. அதற்குள்ளே நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதே அங்கே வழக்கு. வரம்பே இல்லாத நம் வார்டுகளுக்கு அதைக் காட்டுவது, அரை வயிறு உண்டவனைச் சோதித்துப் பட்டினி கிடப்பவனுக்கு மருந்து எழுதுவது போன்றது. ஆனால் அந்த நிபுணர்கள் கூறும் ஒரு கவலை உண்மையானது. ஆள் மாறும்போது நோயாளியைப் பற்றிய செய்தி கைமாறாமல் விழுந்துவிடுகிறது. பாதியில் விட்டுப் போக மனமும் வருவதில்லை. ஆகவே இரு முறைகளுக்கிடையே அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து நிற்கும்படி பட்டியலிலேயே எழுதவேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

ஆள்! சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம். பத்து டாக்டர்களைக் கொண்டு இருபது பேர் வேலையைப் பங்கிடச் சொன்னால், எந்தக் கணிப்பொறியும் சோர்வைச் சமமாகப் பங்கிட்டுத் தருமே ஒழிய, ஓய்வைத் தராது. 2019 அக்டோபர் இறுதியில் தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊதியம் மட்டுமா கேட்டார்கள்? நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடங்களை வகுத்திடுங்கள் என்றும் கேட்டார்கள். நம்மிலே எத்தனை பேர் அந்தக் கோரிக்கையைப் படித்தோம்? பூட்டிய புறநோயாளிப் பிரிவைப் பார்த்து முணுமுணுத்தவர்களிலே நானும் ஒருவன்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பணிச்சோர்வை விளக்கியபோது, நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடத்திலே சமாளிக்கப்படாத நெருக்கடியால் விளைவது என்றது. உடல் ஓய்கிறது, பிறகு நோயாளியின் மேல் பரிவு வற்றுகிறது, கடைசியில், நாம் செய்வதில் என்ன பயன் என்ற வெறுமை வந்து குடியேறுகிறது. கடுகடுக்கும் டாக்டரைக் கண்டு நாம் கோபப்படும்போது, இரண்டாவது படியிலே நிற்கும் ஒருவரைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். தியானம் செய்யுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்று அவருக்கு வகுப்பு நடத்துகிறார்கள். தியானம் செய்யவும் அரை மணி ஓய்வு வேண்டுமே ஐயா!

இனி நாம் செய்ய வேண்டியது. மருத்துவமனைகளுக்குப் பட்டியல் கணிப்பொறி வாங்குவதாக எந்த அறிவிப்பு வந்தாலும் வரவேற்போம். வரவேற்கும் வாயாலேயே மூன்றைக் கேட்போம்: உறங்கிய மணியும் எண்ணப்படுகிறதா, அவசரத்துக்கென்று ஓர் அறையும் ஓர் ஆளும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, விதி எழுதும் குழுவில் இளம் டாக்டரும் நர்சும் இருக்கிறார்களா? காலி அறையைப் பார்த்து வீண் என்று கணக்குத் தணிக்கையாளர் எழுதுவார். நம்மிலும் சிலர், நோயாளி வராந்தாவிலே கிடக்க அறை சும்மா கிடக்கிறதே என்று படம் பிடித்துப் போடத் துடிப்பீர்கள். அன்று மிசௌரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், நம் மாவட்டத்து மருத்துவமனையின் உண்மை நிலை நம் கையில் இருக்கவேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். அறுவைப் பிரிவிலும் மயக்க மருந்துப் பிரிவிலும் அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை; கடந்த மூன்று மாத டியூட்டிப் பட்டியலின் நகல்; அம்மாதங்களில் நாள் குறித்துத் தள்ளிவைக்கப்பட்ட ஆபரேஷன்கள் எத்தனை, காரணம் என்ன. இவ்வளவுதான். நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள். தரமாட்டார்கள், தரவும் கூடாது. முப்பது நாளில் பதில் வரவேண்டும். வந்த தாளை எடுத்துக்கொண்டு நேரே மேடைக்குப் போகாதீர்கள். முதலில் அந்த மருத்துவமனையின் டாக்டர்களையும் நர்சுகளையும் அழைத்து, அவர்களுக்கு வசதிப்படும் நேரத்தில், உடன் உட்கார்ந்து படியுங்கள். எந்த நேரம் அவர்களுக்கு வசதிப்படும் என்று கேட்கும்போதே பாதிப் பதில் உங்களுக்குக் கிடைத்துவிடும்.